சால்ட் வரம்பு 40,000 டாலர் ஆன பிறகும் மார்ட்கேஜ் தவணை ஏன் ஏறுகிறது?

கேள்வி: நியூ ஜெர்சி மிடில்செக்ஸ் கவுண்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் வேலை, இருவரிடமும் கிரீன் கார்டு. சேர்ந்த சம்பளம் ஆண்டுக்கு 190,000 டாலர். வீட்டு வரி 2024இல் 12,420, 2025இல் 13,200 டாலர். 2025இல் மாநில வருமான வரி 7,000, மார்ட்கேஜ் வட்டி 14,500, கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் கொடுத்தது 1,500. சால்ட் (மாநில, உள்ளூர் வரிகளை ஃபெடரல் வரிக் கணக்கில் கழிக்கும் சலுகை) வரம்பை 40,000 ஆக்கிவிட்டார்கள், இனி வீட்டு வரியைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார் மச்சான். வங்கியோ தவணையில் மாதம் 130 டாலர் கூட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எது சரி? சலுகையை நம்பி, 18,000 டாலர் வீட்டு வரி உள்ள பெரிய வீட்டுக்கு மாறலாமா? மகன் 2026 செப்டம்பரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்கிறான். உதவித்தொகை போக ஆண்டுக்கு 24,000 டாலர் தேவை, பேரண்ட் ப்ளஸ் (பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கல்விக் கடன்) வாங்க நினைக்கிறோம். மதுரையில் உள்ள அம்மாவுக்கு மாதம் 400 டாலர் அனுப்புகிறேன், அதற்கும் 1% வரி உண்டா?

பதில்: மச்சான் சொல்லும் வரம்பு உண்மை, வங்கியின் கடிதமும் உண்மை. இரண்டும் வேறு வேறு கணக்கு. வாஷிங்டன் உயர்த்தியது ஃபெடரல் வருமான வரியில் நீங்கள் காட்டக்கூடிய கழிவை. டவுன்ஷிப் அனுப்பும் வீட்டு வரி பில்லில் அதனால் ஒரு சென்ட்கூடக் குறையாது.

முதலில் அந்தக் கழிவு உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று பார்ப்போம். பெரும்பாலானவர்கள் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். வீட்டு வரி 13,200, மாநில வரி 7,000, சேர்த்து 20,200 டாலர். பழைய வரம்பு 10,000 என்பதால் இப்போது 10,200 டாலர் கூடுதலாகக் கழிகிறது, உங்கள் 22% வீதத்தில் 2,244 டாலர் மிச்சம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் பழைய வரம்பில் உங்கள் கழிவுகளை ஒவ்வொன்றாக எழுதினால் 26,000தான் வந்திருக்கும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுக் கணக்குக் காட்டாமலே எடுக்கும் நிலையான கழிவு) அதைவிடப் பெரியது, அதைத்தான் எடுத்திருப்பீர்கள். இப்போது 20,200, 14,500, 1,500 மூன்றும் சேர்ந்து 36,200 ஆகிறது. 2025க்குத் தம்பதியருக்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500. இரண்டுக்கும் வித்தியாசம் 4,700, அதில் 22% என்றால் 1,034 டாலர். 2025 கணக்கில் உங்கள் கைக்கு வருவது இவ்வளவுதான். ஏப்ரல் 15க்குள் தாக்கல் செய்யும்போது மென்பொருள் தானாக ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுத்துவிடாமல் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஷெட்யூல் ஏ நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2026இல் இதுவும் சுருங்கும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200 ஆகிறது. நன்கொடையில் வருமானத்தின் 0.5% போக மீதிதான் இனிக் கணக்கில் சேரும். உங்களுக்கு அந்த 0.5% என்பது 950 டாலர், ஆக 1,500இல் 550 மட்டுமே நிற்கும். வட்டியும் 14,100 அளவுக்குக் குறையும் என்று வைத்தால் மொத்தக் கழிவு 34,850, வித்தியாசம் 2,650, அதற்கு வரி 583 டாலர். ஆனால் 2026 முதல் ஸ்டாண்டர்ட் எடுக்கும் தம்பதியரும் 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடையைத் தனியாகக் கழிக்கலாம். உங்கள் 1,500ஐ அப்படிக் கழித்துப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் 1,150, மிச்சம் 253 டாலர்தான். பிடித்தத்தில் குறையக்கூடிய 583ஐ மாதாமாதம் கையில் பார்க்க விரும்பினால், இருவரில் அதிகச் சம்பளம் வாங்குபவரின் டபிள்யூ-4 (சம்பளத்தில் வரிப் பிடித்தம்) படிவத்தில் 4(பி) இடத்தில் 2,650 என்று எழுதுங்கள். இருவருமே எழுதினால் பிடித்தம் குறைந்து ஆண்டு முடிவில் கையிலிருந்து கட்ட நேரும்.

இன்னொரு சங்கதியையும் மறந்துவிடாதீர்கள். 150,000க்கு மேல் 250,000 வரை வருமானம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு மாநிலம் தரும் ஆங்கர் என்னும் வீட்டு வரி நிவாரணத் தொகை 1,000 டாலர். இதுவரை ஸ்டாண்டர்ட் எடுத்ததால் அதற்கு ஃபெடரல் வரி வரவில்லை. 2025 வீட்டு வரியை முழுதாகக் கழித்துவிட்டு, அதே ஆண்டுக்கான ஆங்கர் தொகையைப் பிறகு வாங்கினால், அந்த 1,000 வாங்கிய ஆண்டின் வருமானத்தில் சேரும். சால்ட் உயர்வால் வந்த இந்தப் பக்க விளைவைக் கணக்காளரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இனி 130 டாலர். வங்கி உங்கள் எஸ்க்ரோவை (வீட்டு வரி கட்டத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) 2024 பில்லை வைத்து மாதம் 1,035 என்று வசூலித்தது. டவுன்ஷிப்புக்குக் கட்டியதோ 13,200. பற்றாக்குறை 780. இனி மாதம் 1,100 தேவை, அதற்கு 65 டாலர் ஏற்றம். விட்டுப்போன 780ஐ 12 மாதத்தில் பிரித்தால் இன்னொரு 65. ஆக 130. பற்றாக்குறையை இப்போதே ஒரே காசோலையில் கட்டினால் இரண்டாவது 65 போய்விடும். கட்டாவிட்டால் 12 மாதம் கழித்து அது தானாக நீங்க வேண்டும், நீங்கியதா என்று அடுத்த எஸ்க்ரோ அறிக்கையில் சரிபாருங்கள். வங்கி வைத்துக்கொள்ளும் முன்னிருப்பு ஆண்டுச் செலவில் ஆறில் ஒரு பங்குக்கு, அதாவது இரண்டு மாதத் தொகைக்கு மேல் போகக்கூடாது என்பது ஃபெடரல் விதி. அதையும் அந்த அறிக்கையிலேயே பார்க்கலாம்.

வரி ஏன் ஏறியது என்பதற்கு 2024, 2025 பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். கவுண்டி, பள்ளி மாவட்டம், டவுன்ஷிப், நூலகம் என்று தனித்தனியாக அச்சடித்திருக்கும். பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகும். 780இல் எந்தெந்த வரிக்கு எவ்வளவு ஏறியது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வரியில் பெரிய ஏற்றம் தெரிந்தால் அதற்குப் பின்னால் வாஷிங்டன் இருக்க வாய்ப்பு உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று தவணையாக ஏறக்குறைய 190 பில்லியன் டாலர் பள்ளிகளுக்கு வந்தது. கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30க்குள் ஒப்பந்தமாக்கியிருக்க வேண்டும். ஒருமுறை வரும் அந்தப் பணத்தில் கூரையும் காற்றோட்டக் கருவியும் மாற்றிய மாவட்டங்களுக்குப் பின்னால் நெருக்கடி குறைவு. ஆலோசகர்கள், வாசிப்புப் பயிற்சியாளர்கள் என்று ஆண்டுதோறும் சம்பளம் கேட்கும் வேலைகளை அதில் உருவாக்கிய மாவட்டங்கள், பணம் நின்றதும் ஆட்குறைப்பா வரியேற்றமா என்று நின்றன. அதைவிடப் பழைய குறை ஒன்று உண்டு. சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும், நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40% வரை தருவதாக 1975 சட்டத்தில் காங்கிரஸ் ஒப்புக்கொண்டது. ஐம்பது ஆண்டில் ஒருமுறைகூட அந்த அளவை எட்டியதில்லை. அந்தக் குழந்தைகளுக்குச் சட்டப்படி செய்ய வேண்டியதைப் பள்ளி செய்தே ஆக வேண்டும், ஆகவே மிச்சம் மாநிலத்தின் மேலும் உங்கள் வீட்டு வரியின் மேலும் விழுகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். பட்ஜெட் கூட்டங்களில் அந்தக் குழந்தைகளின் செலவையே பிரச்சினை போலப் பேசுகிறார்கள். குறை, பணம் தராதவர்களிடம் இருக்கிறது.

எல்லா ஏற்றத்தையும் ஃபெடரல் அரசின் தலையில் கட்டவும் முடியாது. உள்ளாட்சி ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு நியூ ஜெர்சியில் பெரிதாக ஏறியிருக்கிறது. வரி வசூலை ஆண்டுக்கு 2%க்கு மேல் உயர்த்தக்கூடாது என்ற மாநிலச் சட்டம் இருக்கிறதே, உங்கள் வரி எப்படி 6% ஏறியது? அந்த 2% டவுன் முழுவதும் வசூலிக்கும் மொத்தத் தொகைக்கு, தனி வீட்டின் பில்லுக்கு அல்ல. காப்பீட்டுச் செலவின் ஒரு பகுதியும் கடன் தவணையும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. கடன் விஷயத்தில் மறுபடி வாஷிங்டன் வருகிறது. 2017 வரிச் சட்டம், உள்ளாட்சிகள் தங்கள் பழைய பத்திரக் கடனை முன்கூட்டியே வரிவிலக்குள்ள புதுக் கடனாக மாற்றும் வழியை 2018 முதல் மூடிவிட்டது. வட்டி குறைந்த காலத்திலும் பல ஊர்கள் பழைய வட்டியையே கட்டிக்கொண்டிருந்ததற்கு அதுவும் காரணம்.

கவுண்டி வரியை அடுத்த ஆண்டு கவனித்துப் பாருங்கள். ஸ்னாப் உணவு உதவியை நடத்தும் அலுவலகச் செலவில் பாதியை ஃபெடரல் அரசு கொடுத்துவந்தது. 2026 அக்டோபர் 1 முதல் கால் பங்குதான் கொடுக்கும். நியூ ஜெர்சியில் அந்த அலுவலகங்களை நடத்துபவை கவுண்டிகள். 2027 ஜனவரியில் மெடிக்கெய்டுக்கு (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவ உதவி) வேலை நிபந்தனை வரும்போது அதற்கான தாள்களைச் சரிபார்க்கும் வேலையிலும் ஒரு பகுதி அதே அலுவலகங்களில் விழும். ஆகவே எஸ்க்ரோ தவிர மாதம் 40 டாலரை வீட்டு வரிக்கென்று தனியாகப் போட்டுவையுங்கள். டபிள்யூ-4 மாற்றத்தால் பிடித்தத்தில் குறையும் 583 டாலரை அதற்கே ஒதுக்கினால் போதும்.

வீட்டின் வரி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா? பிப்ரவரி 1 வாக்கில் வரும் மதிப்பீட்டு அஞ்சலட்டையை எடுங்கள். உங்கள் ஊரின் சராசரி விகிதம், அதாவது மதிப்பீடு சந்தை விலையில் எத்தனை சதவீதம் என்பது, 70% என்று கொள்வோம். அதற்கு 15% கூடுதல் வரை, அதாவது 80.5% வரை, சட்டம் சரியென்று ஏற்கும். அட்டையில் மதிப்பீடு 410,000, வீட்டின் உண்மையான சந்தை விலை 500,000 என்றால் விகிதம் 82%. நீங்கள் ஜெயிக்கலாம், மதிப்பீடு 350,000 ஆகும். சந்தை விலை 520,000 என்றால் விகிதம் 79%க்குக் கீழே, ஒன்றும் கிடைக்காது. முந்தைய ஆண்டு அக்டோபர் 1ஐ ஒட்டி விற்ற, உங்கள் வீட்டைப் போன்ற மூன்று முதல் ஐந்து வீடுகளின் விற்பனை விலை வேண்டும். பக்கத்து வீட்டின் மதிப்பீடு குறைவு என்று சொன்னால் கவுண்டி வரி வாரியம் ஏற்காது, மனுக்கள் தோற்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். உங்கள் கவுண்டியில் ஏ-1 மேல்முறையீட்டுப் படிவத்தைக் கொடுக்க ஏப்ரல் 1 கடைசி, ஊர் முழுவதும் மறுமதிப்பீடு நடந்திருந்தால் மே 1. மதிப்பீடு 150,000 முதல் 500,000 வரை என்றால் கட்டணம் 25 டாலர். அதுவரையான வரியைப் பாக்கியின்றிக் கட்டியிருக்க வேண்டும்.

பெரிய வீட்டுக்கு மாறுவதைச் சால்ட்டை நம்பிச் செய்யாதீர்கள். 40,000 என்ற வரம்பு 2026இல் 40,400 ஆகி, 2029 வரை ஆண்டுக்கு 1% ஏறும். 2030இல் மறுபடி 10,000. புது வீட்டில் வரி 18,000, மாநில வரி 7,000 என்றால் மொத்தம் 25,000. வட்டியே ஸ்டாண்டர்டைத் தாண்டும் பெரிய கடனாக இருந்தால், 2030இல் 15,000 டாலர் கழிவு அப்படியே போகும். 22% வீதத்தில் ஆண்டுக்கு 3,300, மாதம் 275 டாலர். 30 ஆண்டுக் கடனில் முதல் நான்கு ஆண்டுகள் மட்டும் கிடைக்கும் சலுகை இது. அந்த 275ஐ இன்றே தவணையோடு சேர்த்துப் பார்த்து, அப்போதும் சம்பளம் தாங்கினால் மாறுங்கள்.

மகனின் படிப்பில்தான் அவசரமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். 2026 ஜூலை 1 முதல் பேரண்ட் ப்ளஸ் கடனுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர்தான் வரம்பு. தாய், தந்தை இருவருக்கும் சேர்த்தே இந்த வரம்பு. மகன் தன் பெயரில் முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு 7,500 வீதம் வாங்கலாம். செலவு 24,000லேயே நின்றால் உங்கள் பங்கு 18,500, 17,500, 16,500, 16,500 என்று நான்கு ஆண்டில் 69,000. இப்போதே 4,000 இடிக்கிறது. அதோடு 4.228% கட்டணத்தைக் கடன் தரும்போதே பிடித்துக்கொள்கிறார்கள். 65,000க்கு இன்றைய கட்டணத்தில் கைக்கு வருவது 62,252தான். ஆக நான்காம் ஆண்டில் 6,750 டாலர் அளவுக்குத் துண்டு விழும், கல்விக் கட்டணம் ஏறினால் இன்னும் அதிகம். இந்தத் துண்டு மூன்றாம் ஆண்டு முடிவில்தான் கண்ணுக்குத் தெரியும், அப்போது பாதியில் நிறுத்தவும் முடியாது.

வட்டி 2025-26 கல்வியாண்டுக்கு 8.94%. ஜூலைக்குப் பின் வாங்கும் பேரண்ட் ப்ளஸுக்கு வருமானத்துக்கேற்பத் தவணை குறையும் திட்டமும் கிடையாது. வருமானம் குறைந்தாலும் தவணைத் தொகை அதற்கேற்பக் குறையாது. ஆகவே மகன் பெயரில் கிடைக்கும் கடனை முதலில் முழுதாக எடுங்கள். உங்கள் பங்கில் மாதம் 500 டாலரைச் சம்பளத்திலிருந்தே பல்கலைக்கழகத்தின் தவணைத் திட்டத்தில் கட்டினால் ஆண்டுக்கு 6,000, நான்கு ஆண்டில் 24,000 கடன் குறைந்து வரம்புக்குள் வந்துவிடுவீர்கள். மீதிக்கு மாநிலத்தின் என்ஜேகிளாஸ் கடனின் வட்டியையும் கட்டணத்தையும் பேரண்ட் ப்ளஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வீடு, கல்லூரி இரண்டும் ஒரே ஆண்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு: 2026 ஜனவரி 1 முதல் வந்த 1% வரி ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் கொடுத்து அனுப்புவதற்கு மட்டும். உங்கள் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, இங்கே வழங்கிய டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் கிடையாது. கடையில் ரொக்கம் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தால் 400 டாலருக்கு 4 டாலர் போகும், வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.