வைட்டமின் டி போட்டா சளி, ஃப்ளூ, கொரோனா வராதா? நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

நுரையீரல் வார்டுல பல வருஷமா வேலை பாக்குறேன். வைட்டமின் டி பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒண்ணொண்ணா எடுத்துக்கறேன்.

கேள்வி: டாக்டர், அது எலும்புக்கான சத்து தானே, வைரஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தோல்ல வெயில் பட்டு உருவாகறதும் சரி, மாத்திரையில வர்றதும் சரி, முதல்ல லிவர்ல ஒரு மாற்றம் அடையும், அதைத்தான் ரத்தத்துல டெஸ்ட் பண்றோம். அப்புறம் கிட்னி அதை கால்சிட்ரியாலா மாத்தும், அதுதான் நிஜமா வேலை செய்யற வடிவம். ரொம்ப காலம் கதை அவ்வளவுதான்னு நினைச்சுட்டு இருந்தாங்க. ஆனா மேக்ரோஃபேஜ்னு ஒரு வெள்ளை அணு, நுரையீரலோட காத்துப் பைக்குள்ளயே காவல் இருக்கறது, அது கிட்னிய எதிர்பாக்காம தனக்கு வேண்டிய கால்சிட்ரியால தானே தயார் பண்ணிக்கும், அதை வச்சு கேத்தலிசிடின்னு ஒரு புரதத்தை உண்டாக்கும், அது கிருமியோட மேல்சவ்வையே கிழிச்சு விட்டுடும். 2006ல காசநோய் கிருமிய வச்சு இந்த வழிய தெளிவா காமிச்சாங்க. ஃப்ளூ மாதிரி கொழுப்பு உறை போட்ட சில வைரஸ்களையும் அந்த புரதம் தாக்குறது லேப்ல தெரிஞ்சிருக்கு. எனக்கு இன்னிக்கும் படிக்க படிக்க ஆச்சரியமா இருக்கற விஷயம் இது.

கேள்வி: அப்ப தினம் மாத்திரை போட்டா சளியே பிடிக்காதுல்ல?

இங்கதான் கொஞ்சம் நிதானமா பாக்கணும். லேப்ல நடக்கறது எல்லாம் மனுஷங்க கிட்ட அப்படியே நடக்காது. 2017ல 25 ஆய்வுகள், கிட்டத்தட்ட 11,000 பேரோட கணக்க ஒண்ணா சேர்த்து பாத்தாங்க, சுவாசத் தொற்று வர்ற வாய்ப்பு சுமார் 12 சதவீதம் குறைஞ்சது, அதுவும் அளவு ரொம்ப கம்மியா இருந்து தினமோ வாரமோ சின்ன டோஸ் எடுத்தவங்களுக்கு நல்லாவே குறைஞ்சது. எல்லாருக்கும் சந்தோஷம். 2021ல 48,000 பேர் ஆனப்ப அது 8 சதவீதம் ஆச்சு. 2025ல 61,000 பேர சேர்த்து பாத்தா 6 சதவீதம், அதுவும் தற்செயலா கூட வந்திருக்கலாம்ங்கற அளவுல தான் நிக்குது, குறைபாடு இருக்கறவங்களுக்கு தனியா கூடுதல் பலன்னும் அதுல தெரியல. ஆள் கூட கூட பலன் தேஞ்சுகிட்டே வருது. அதனால என் கருத்து, குறைபாடு இருந்தா கட்டாயம் சரி பண்ணுங்க, எலும்புக்கும் தசைக்கும் அது வேணும், ஆனா அதை வைரஸுக்கு எதிரான கவசம்னு நம்பி தடுப்பூசிய விட்டுடாதீங்க.

கேள்வி: அக்கா, கொரோனால சீரியஸ் ஆனவங்க எல்லாருக்கும் டி கம்மியா இருந்துச்சுன்னு அப்ப சொன்னாங்களே?

இருந்துச்சு தம்பி, அது பொய் இல்ல. ஆனா உடம்புல அழற்சி ஏறினாலே ரத்தத்துல டி அளவு இறங்கும், அதாவது நோயே அளவ குறைச்சிருக்கலாம். வயசானவங்க, உடல் பருமன் உள்ளவங்க, வெளிய போக முடியாதவங்க, இவங்களுக்கு டியும் கம்மி, கொரோனாவும் கடுமை. எது காரணம் எது விளைவுன்னு மருந்து கொடுத்து பாத்தாத்தான் தெரியும். பிரேசில்ல ஆஸ்பத்திரியில சேர்ந்த 240 பேர்ல பாதி பேருக்கு ஒரே தடவையா 2 லட்சம் யூனிட் கொடுத்தாங்க, ரத்தத்துல அளவு ஏறுச்சு, ஆனா ஆஸ்பத்திரியில இருந்த நாள் குறையல.

கேள்வி: என் சித்தப்பா வாரம் ஒரு பெரிய கேப்ஸ்யூல் போடறார், தினமே போட்டா சீக்கிரம் எதிர்ப்பு சக்தி ஏறுமான்னு கேக்குறார்.

வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்க, தயவு செஞ்சு. ஒரு பெரியவர அவர் மக கூட்டிட்டு வந்தாங்க, நாலு நாளா வாந்தி, வயிறு போகல, ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கேக்குறார், மக பேரையே மாத்தி கூப்பிடறார். டி அளவுக்கு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறிடும், அவருக்கு பாத்தா 14, பத்தரைய தாண்டவே கூடாது. மருந்துப் பைய கட்டில்ல கொட்டி பாத்தோம், வாரம் ஒண்ணு போட வேண்டிய 60,000 யூனிட் கேப்ஸ்யூல ரெண்டு மாசமா தினம் ஒண்ணு போட்டிருக்கார், அட்டை அட்டையா காலி. சளி வரக்கூடாதுன்னு தான் செஞ்சிருக்கார் பாவம். இது கொழுப்புல தங்கற சத்து, நிறுத்தினாலும் உடனே இறங்காது, அவர் தேற பல வாரம் ஆச்சு. சாதாரண பெரியவங்களுக்கு தினம் 600 யூனிட், 70 வயசு தாண்டினா 800 போதும், டாக்டர் சொல்லாம 4,000 தாண்டக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு அடிக்கடி சளி, டி சொட்டு மருந்து கொடுக்கலாமா டாக்டர்?

ஒரு வயசுக்குள்ளன்னா தினம் 400 யூனிட், அதுக்கு மேல 600, குழந்தை டாக்டர் கிட்ட கேட்டுட்டு தாராளமா கொடுங்கம்மா. குழந்தைங்க விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம் தான். 1997ல வந்த எத்தியோப்பியா ஆய்வுல, நிமோனியா வந்த குழந்தைங்க கிட்ட ரிக்கெட்ஸ், அதாவது டி குறைஞ்சு எலும்பு மெத்துன்னு ஆகற நோய், இருக்கற வாய்ப்பு மத்தவங்கள விட சுமார் 13 மடங்கு அதிகமா இருந்துச்சு. விலா எலும்பு மெத்துன்னு ஆயிட்டா நெஞ்சு விரியாது, இருமி சளிய வெளிய தள்ள பலமும் இருக்காது. சொட்டு கொடுக்கும்போது டிராப்பர்ல கோட்ட பாத்து கொடுங்க, பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறும்.

கேள்வி: ஜன்னல் ஓரம் வெயில்ல உக்காந்தா போதுமா?

கண்ணாடி மூடியிருந்தா பிரயோஜனம் இல்ல, தேவையான புற ஊதாக் கதிர அது தடுத்துடும். வெளியவும் நம்ம நிழல் நம்மள விட நீளமா இருக்கற நேரத்துல அந்தக் கதிர் ரொம்ப கம்மி.

கேள்வி: இப்ப காய்ச்சல்ல படுத்திருக்கேன், டி எக்ஸ்ட்ரா போடட்டுமா?

வழக்கமா போடறது இருந்தா அதே அளவு போடுங்க, கூட்ட வேண்டாம். தண்ணி குடிங்க, ரெஸ்ட் எடுங்க. பேசும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, ஆக்சிஜன் 94க்கு கீழ போனாலோ, காய்ச்சல் விட்டு திரும்ப அடிச்சாலோ இங்க கேட்டுட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.