தாமதித்து வந்தவரின் கண்ணீர்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் என் தம்பியை இழந்தோம். 26 வயது. வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் நான் வாய்விட்டு அழுதபோது மூப்பர் ஒருவர், “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். அழுவது அவிசுவாசம்” என்றார். அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. எல்லாம் தெரிந்தவருக்குத் துக்கம் வருமா? வந்தாலும் அதனால் எங்களுக்கு என்ன? அவர் நினைத்திருந்தால் தம்பியைக் காப்பாற்றியிருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள சகோதரி,

அழுங்கள். மூப்பர் சொன்னதில் ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்பது மட்டும் யோபுவின் வார்த்தை. அதற்கு முந்தின வசனத்தில் யோபு சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்துக்கொண்டு தரையில் விழுகிறான். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன். அந்த வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் துக்க வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஆதியாகமத்தைத் திறந்துகொள்ளுங்கள். 3ஆம் அதிகாரத்தில் ஏவாளுக்கு ‘வேதனை’, ஆதாமுக்கு ‘வருத்தம்’. 6ஆம் அதிகாரத்தில், மனிதனின் அக்கிரமத்தைக் கண்ட கர்த்தருக்கு அது ‘இருதயத்துக்கு விசனமாயிருந்தது’. தமிழில் மூன்று வெவ்வேறு சொற்கள். எபிரேய மூலத்தில் மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. பிரசவத்தில் ஏவாள் படும் நோவும், முள்ளும் குருக்கும் முளைத்த நிலத்தில் ஆதாம் படும் பாடும் கடவுளின் நெஞ்சுக்குள்ளேயே போய்விட்டன. இதை அறிந்த நாளில் வெகுநேரம் என்னால் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

உங்கள் கடைசிக் கேள்வியைப் பெத்தானியாவில் இரண்டு பெண்கள் முன்பே கேட்டுவிட்டார்கள். அவர்கள் சகோதரன் லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் இயேசு இரண்டு நாள் தாமதித்தார். வந்து சேர்ந்தபோது அவனைக் கல்லறையில் வைத்து நான்கு நாளாகிவிட்டது. மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: “நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.” அவர் கடிந்துகொள்ளவில்லை. மரியாளுக்கு விளக்கம்கூடச் சொல்லவில்லை. “அவனை எங்கே வைத்தீர்கள்” என்று கேட்டார். கண்ணீர் விட்டார்.

சற்று நேரத்தில் லாசரு உயிரோடு எழுந்து வருவான் என்பது அவருக்குத் தெரியும். அவனை எழுப்பப்போகிறேன் என்று சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். அப்படியிருந்தும் மரியாள் அழுவதைக் கண்டதும் ஆவியில் கலங்கினார். அவளை முதலில் தேற்றிவிட்டுக் காரியத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கவில்லை. அவளோடு நின்று அழுதார். கையாலாகாதவரின் அழுகை அல்ல அது. அன்பு வைத்தவருக்கு, முடிவு தெரிந்திருந்தாலும் அந்த வேளையின் வலி வலிதான்.

லாசருவுக்குக் கிடைத்தது உங்கள் தம்பிக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. உயிர்த்தெழுதலை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் இன்று இரவு தம்பியின் கட்டில் காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் அழுதால் இயேசு முகம் சுளிக்க மாட்டார்.

என் தகப்பனார் இறந்த அன்று வீடு முழுக்க ஆறுதல் வசனங்கள். ஒரு பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் அம்மாவின் பாதங்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் தன் கண்களைத் துடைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். கடவுளின் இரக்கம் என்று யாராவது பேசினால் இன்றும் அந்த மடிதான் என் நினைவுக்கு வருகிறது.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் போகட்டும். மார்த்தாள் சொன்னதையே சொல்லுங்கள், அந்தக் கோபத்தோடேயே.

உங்கள் தம்பியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவர் எப்படிச் சிரிப்பார் என்பதையும்.