வெயிலும் ஆறுதலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தக் கோடையில் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். குடும்பத்தோடு மலைப்பக்கம் போவதாக இருந்தது, கடைசி நேரத்தில் நடக்கவில்லை. சரி, வீட்டில் கிடைக்கிற சின்னச் சின்ன சந்தோஷங்களையாவது கவனிப்போம் என்று ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து என்று கணக்கு.

திங்கட்கிழமை எழுதியவை: வெளியே போய் வந்து முகம் கழுவி, துடைக்காமல் மின்விசிறிக்கு அடியில் நின்றது. படுக்கும்போது தலையணையைத் திருப்பிப் போட்டதும் கிடைத்த குளிர்ச்சி. மரத்தடியில் உட்கார்ந்தது, தரையெல்லாம் வெளிச்சப் பொட்டுகள். இப்படி ஐந்து. செவ்வாய்க்கிழமை ஐந்து தேறுவதே கஷ்டமாகிவிட்டது. புதனன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை, எரிச்சலில் ஒன்றும் எழுதவில்லை. வியாழனன்று நோட்டைப் பார்த்தாலே வீட்டுப்பாடம் போலிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

இதெல்லாம் உண்மையிலேயே சந்தோஷமா, இல்லை போக முடியாதவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் வெறும் ஆறுதலா? உங்கள் கருத்தை அறிய ஆசை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

'வெறும் ஆறுதல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். கொதித்த தண்ணீர் ஆறுகிறது. புண் ஆறுகிறது. கோபம் ஆறுகிறது. நடந்து களைத்தவர் இளைப்பாறுகிறார். எல்லாவற்றுக்கும் ஒரே வினைதான். சூடு தணிவதையும் மனம் தேறுவதையும் தமிழ் தனித்தனியாகப் பார்க்கவில்லை. கண் குளிரப் பார்த்தேன் என்கிறோம், மனம் குளிர்ந்தது என்கிறோம். வெயிலில் வாழ்ந்து பழகியவர்களின் மொழி இது. இதில் ஆறுதலுக்கு முன்னால் 'வெறும்' என்று போட எனக்கு மனம் வரவில்லை.

துடைக்காத முகத்தோடு மின்விசிறிக்கு அடியில் நின்றீர்களே, அதைக் கொஞ்சம் பார்க்கலாம். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, காற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான். முகத்தில் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது அதற்குத் தேவையான சூட்டைத் தோலில் இருந்து எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை செய்கிற வேலையும் இதுவே. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். துண்டால் துடைத்திருந்தால் அந்தச் சுகத்தையும் சேர்த்துத் துடைத்திருப்பீர்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அன்றைக்கு உங்கள் உடம்பு அதைச் சரியாகச் செய்துவிட்டது.

தலையணையும் அப்படித்தான். தலை வைத்த பக்கம் உங்கள் சூட்டை வாங்கி வைத்திருக்கும், பஞ்சு அதை லேசில் விடாது. அடிப்பக்கம் அறையின் வெப்பத்தை ஒட்டியே இருந்திருக்கும். வித்தியாசம் சில டிகிரிதான். அந்தச் சில டிகிரிக்குக் கன்னம் எப்படி ஏங்குகிறது!

மிஷெல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1971-ல் இதைப் பற்றி எழுதினார். உடம்பு சூடேறியிருப்பவர் குளிர்ந்த நீரில் கையை வைத்தால் சுகமாக இருக்கிறது. உடம்பு குளிர்ந்திருப்பவருக்கு அதே நீர் வேதனை. அந்த நேரத்தில் உடம்புக்கு என்ன வேண்டியிருக்கிறதோ அதைப் பொறுத்தே இதமும் வேதனையும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதுதானே?

உங்கள் செவ்வாய்க்கிழமைக்கும் இதில் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். உடம்பு ஆறியதும் அந்தச் சுகமும் முடிந்துவிடும். முகம் காய்ந்த பிறகு மின்விசிறி வெறும் மின்விசிறிதான். அது மறுபடி வர வேண்டுமென்றால் மறுபடி வெயிலில் போய் வர வேண்டும். நாளைக்கு ஐந்து என்று அதனிடம் வசூல் செய்ய முடியாது. குறை சந்தோஷத்தில் இல்லை, கணக்கில்தான்.

இதை எழுதும்போது ஒரு தயக்கமும் இருக்கிறது. நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை செய்கிறவரிடம் போய், வெயில் இருப்பதால்தானே நிழல் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அவருக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும் ஓய்வும், அவற்றைக் கொடுக்க வேண்டியது மற்றவர்கள் கடமை. நிழலுக்குத் திரும்பி வர முடிகிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

அப்புறம் அந்த வெளிச்சப் பொட்டுகள். இரண்டே சொல்லில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். அடுத்த முறை மரத்தடியில் உட்காரும்போது மேலே பாருங்கள். இலைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் ஒன்றுகூட வட்டமாக இருக்காது. கோணல்மாணலாக, கிழிசல் கிழிசலாக இருக்கும். தரையில் விழும் பொட்டுகளோ வட்ட வட்டமாக இருக்கும். ஏனென்றால் அவை இடுக்கின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். ஒவ்வொரு சின்ன இடுக்கும், லென்ஸ் இல்லாமல் ஒரு சிறு துளையாலேயே பிம்பத்தை விழவைக்கும் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்கிறது. இலையிலிருந்து ஒளி 5 மீட்டர் தூரம் வந்து விழுந்தால், பொட்டின் அகலம் சுமார் நாலரை சென்டிமீட்டர். உங்களைச் சுற்றி நூறு பொட்டுகள் கிடந்தால் நூறு சூரியன்கள் கிடக்கின்றன. பகுதி சூரிய கிரகணத்தின்போது அத்தனையும் பிறை பிறையாக மாறிவிடும்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் ஒரு வெள்ளைத் தாளோடு மரத்தடிக்குப் போனேன். சாயங்காலம் ஆகிவிட்டதால் வெயில் சாய்ந்து விழுந்தது, தரையில் பொட்டுகள் எல்லாம் முட்டை வடிவத்தில் நீண்டு கிடந்தன. தாளை ஒரு பொட்டுக்கு நேரே பிடித்து, ஒளி வரும் பக்கமாக மெல்லச் சாய்த்தேன். நீள்வட்டம் ஒடுங்கி ஒடுங்கி முழு வட்டமாகிவிட்டது. தாளை மேலே உயர்த்தினால் பொட்டு சிறுத்தது. தாழ இருந்த ஒரு கிளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் வட்டம் கலைந்து இடுக்கின் கோணல் வடிவம் வந்துவிட்டது. திரும்பக் கீழே இறக்கினால் மறுபடி சூரியன். காற்று அசைந்தால் ஒரு சூரியன் அணைந்து பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். வெளிச்சம் போகும்வரை அங்கேயே இருந்தேன். அன்றைக்கு வேறு எதையும் கவனித்ததாக நினைவில்லை, கவனித்திருக்கவும் வேண்டாம்.

அதனால் நோட்டைத் திறப்பதாக இருந்தால் ஒன்றே ஒன்றை எழுதுங்கள், அதையே ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். தோன்றவில்லையென்றால் அன்றைக்கு எழுத வேண்டாம். மலைக்குப் போக முடியாத வருத்தம் இருந்தால் அதுவும் இருக்கட்டும். அதை மறைக்க இந்தப் பொட்டுகளைக் கூப்பிட வேண்டியதில்லை.

கடைசியாக, புதன்கிழமை. ஒன்றும் எழுதாமல் விட்ட அந்த நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். இரண்டு மணி நேரப் புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், ஆளுக்கொரு மூலையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அப்புறம் மின்சாரம் வந்திருக்கும். மின்விசிறி ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி, தயங்கி, வேகம் எடுத்திருக்கும். வியர்த்த கழுத்தில் அந்த முதல் காற்று பட்டபோது வீட்டில் யார் எங்கே இருந்தீர்கள், யார் முதலில் 'அப்பாடா' என்றார்கள்? நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.