மொட்டை மாடி முழுக்க அரை அடி மண் பரப்பிப் புல் வளர்த்தால் கீழே படுக்கையறையில் சூடு குறையுமா?

குறையும். ஆனால் "மண் வெப்பத்தைத் தடுக்கும்" என்று பலரும் சொல்வதில் பாதிதான் உண்மை, அதை நம்பி லோடு லோடாகச் செம்மண் ஏற்றிவிடாதீர்கள்.

காய்ந்த மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று நிற்பதால் அதன் வெப்பக் கடத்துதிறன் குறைவு, சுமார் 0.3 (அலகு: வாட் / மீட்டர் கெல்வின்). தண்ணீர் ஊற்றினால் காற்று வெளியேறி அந்த இடத்தில் நீர் நிற்கும், நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், அதனால் நன்றாக நனைந்த மண் 1-ஐத் தாண்டி 1.5 வரைகூடப் போகும், அதாவது உங்கள் கான்கிரீட் தளத்துக்குக் கிட்டத்தட்ட சமம். தெர்மாகோல் வெறும் 0.035. கணக்குப் போட்டால், அரை அடி ஈர மண் செய்கிற தடுப்பு வேலையை அரை சென்டிமீட்டர் தெர்மாகோல் செய்துவிடும்!

அப்புறம் எப்படிக் குளிர்கிறது? ஆவியாதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.68 யூனிட் அளவு வெப்பம் வேண்டும் (மின்சார மீட்டரில் வரும் அதே யூனிட்தான்). மே மாத வெயில் ஒரு சதுர மீட்டர் மாடியில் நாளொன்றுக்குச் சுமார் 6 யூனிட் கொட்டுகிறது. அதே இடத்தில் புல்லும் மண்ணும் சேர்ந்து நான்கு லிட்டரை ஆவியாக்கினால் 2.7 யூனிட் தளத்துக்குள் இறங்காமலே போய்விடும். இலையின் நிழல் இதற்கு மேல் லாபம். கடலோரப் புழுக்கத்தில் ஆவியாதல் மந்தம், மதுரை, திருச்சி பக்கம் வேகம்.

மண்ணின் இன்னொரு வேலை தாமதம். பகல் சூட்டின் ஏற்ற இறக்கம் மண்ணில் 12 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் சுருங்கி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும், உச்சமும் நாலு மணி நேரம் தள்ளிப்போகும். அரை அடி மண்ணுக்கு ஐந்து மணி நேரம், அதன் கீழே கான்கிரீட்டும் தன் பங்குக்குச் சில மணி நேரம் தள்ளும், ஆக மதிய வெயிலில் மிச்சமிருப்பது நீங்கள் படுக்கப் போகிற நேரத்துக்குக் கூரையில் வந்து நிற்கும். அளவில் குறைவுதான், சரி. ஆனால் மண் ஏற்ற இறக்கத்தைத்தான் தட்டையாக்கும், சராசரிச் சூட்டைக் குறைப்பது தண்ணீரும் நிழலும். புல்லைக் காயவிட்டால் ராத்திரி முழுக்க மெல்லிய கதகதப்பு உறுதி.

ஆக விஷயம் தண்ணீரில் வந்து நிற்கிறது. ஆயிரம் சதுர அடி மாடிக்கு மேலே சொன்ன கணக்கில் தினமும் 370 லிட்டர், அதுவும் லாரித் தண்ணீர் வாங்குகிற மாதத்தில்.

எடையை யாருமே கேட்பதில்லை. அரை அடித் தோட்ட மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 270 கிலோவுக்குக் குறையாது. ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளும் சுமையே சுமார் 150 கிலோதான். பொறியாளர் ஒருவர் தளத்தின் கம்பிக் கணக்கைப் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. நீர்க்கசிவுத் தடுப்பும் அதன் மேல் வேர்த்தடுப்பு விரிப்பும் தனிச் செலவு. பறவை எச்சத்தில் வந்த அரச விதை ஒன்று முளைத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் என் ஓட்டு வெள்ளைப் பூச்சுக்கு அல்லது வெள்ளை ஓடுகளுக்கு. மலிவு, மண்ணோடு ஒப்பிட்டால் எடை குறைவு, தண்ணீரும் கேட்காது; தெலங்கானா 2023-இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஏற்கெனவே செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதித்த பழைய மாடி என்றால் மண்ணால் கிடைக்கும் கூடுதல் லாபம் இன்னும் குறையும்.

தோட்டமும் வேண்டும் என்றால் வெறும் செம்மண் வேண்டாம். தேங்காய் நார்க் கழிவு, உடைத்த செங்கல், மட்கிய உரம் கலந்து எடையைக் குறைத்துப் பைகளில் போடுங்கள். சுவர் ஓரமாகவும் கீழே தூண், பீம் வருகிற இடங்களிலும் வைத்து, மேலே நிழல்வலை கட்டுங்கள். பைகளைத் தரையில் உட்காரவைக்காமல் ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் அடியில் காற்று ஓடும், தளத்தில் ஈரமும் தேங்காது.