டீல் பணம் வரவில்லை, வழக்குப் போடலாமா?

கேள்வி: என் மகள் எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் (டிவிஷன் 1, அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவு) ஆடுகிறாள். விளையாட்டு உடை நிறுவனம் ஒன்று 4,000 டாலர் பேசி, இன்ஸ்டாகிராமில் நான்கு பதிவுகள் போடவைத்தது. அணியிலுள்ள அமெரிக்கப் பெண்களுக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு, இவளை மட்டும் இழுத்தடிக்கிறது. பயிற்சியாளரும் கண்டுகொள்ளவில்லை. வழக்குப் போடலாமா? – வாசகர், கோவை

பதில்: பாகுபாட்டையும் பயிற்சியாளரையும் விடுங்கள். பதிவுகளைப் போட்டபோது மகள் எந்த நாட்டில் இருந்தார்? விஷயமே அதுதான்.

2021 ஜூலை 1 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. 2025 ஜூனில், என்.சி.ஏ.ஏ. மீது மாணவ வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றபின் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. இவையெல்லாம் விளையாட்டு விதிகள். எஃப்-1 விசா விதிகள் இதற்காக மாறவில்லை. அமெரிக்காவில் இருந்தபடி போஸ் கொடுத்து, வாசகம் எழுதிப் பதிவேற்றினால், அதை அனுமதியில்லாத வேலை என்று குடியேற்றத் துறை சொல்ல முடியும். பணத்துக்குப் பதில் ஷூ வாங்கியிருந்தாலும் இதே சிக்கல்தான். வேறு தவறுகளால் ஸ்டேட்டஸ் (மாணவராக அங்கே தங்கும் தகுதி) போனால், அதைத் திரும்பப் பெற ரீஇன்ஸ்டேட்மென்ட் கேட்கலாம். அனுமதியின்றி வேலை பார்த்தவர் அதைக் கேட்கவே முடியாது.

வழக்குப் போட்டால், 'வேலை செய்தேன், கூலி வரவில்லை' என்று மகளே கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் கொடுத்ததாகிவிடும். 4,000 டாலருக்காகப் படிப்பையே இழக்கும் வழி இது.

பலர் இதற்கு மேலும் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நியூஜெர்சி சித்தப்பா கணக்கில் பணத்தைப் போடச் சொல்வார்கள், அவர் பெயரில் எல்.எல்.சி. என்ற வகை நிறுவனம் தொடங்குவார்கள். உழைத்தது யார் என்பது அதனால் மாறாது. மறைத்த பழிதான் கூடும். நிறுவனம் அனுப்பும் டபிள்யூ-9 வரிப் படிவத்தில் யோசிக்காமல் கையெழுத்திடுவார்கள். அது வரிக்கணக்கில் அமெரிக்கவாசியாக இருப்பவர்களுக்கானது. அடுத்த முறை விசா படிவத்தில் 'வேலை பார்க்கவில்லை' என்று பொய் எழுதுவது எல்லாவற்றிலும் மோசம். பொய் நிரூபணமானால் நிரந்தரத் தடை. 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள வெளி டீல்களை டிவிஷன் 1 வீரர்கள் என்.ஐ.எல். கோ என்ற இணையதளத்தில் பதிய வேண்டும் என்பதால், ஆவணம் ஏற்கெனவே அங்கே இருக்கலாம்.

பதிவுகள் அமெரிக்காவில் இருந்து போட்டவை என்றால், பணத்தை விட்டுவிடுங்கள். நிறுவனம் இனி மகளின் படங்களைப் பயன்படுத்தாது, பிற நிறுவனங்களுக்கு மகள் விளம்பரம் செய்யக் கூடாதென்ற நிபந்தனையும் நீங்கும் என்று மட்டும் எழுதிவாங்கி ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். அதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் முதலில் போகாதீர்கள்: அவர் உங்கள் வழக்கறிஞர் அல்லர், மீறல் தெரிந்தால் செவிஸில் (வெளிநாட்டு மாணவர்கள் பற்றிய அமெரிக்க அரசின் தரவுத்தளம்) பதியும் கடமை அவருக்கு உண்டு.

இனி டீல் வந்தால், படப்பிடிப்பு, பதிவேற்றம் இரண்டையும் விடுமுறையில் கோவையில் இருக்கும்போதே முடியுங்கள்; பாஸ்போர்ட் முத்திரைகளின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.