லாகர் ருசி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சின்ன புரூவரிகள் (பீர் ஆலைகள்) காய்ச்சும் லாகர் பீரை, அதாவது குளிரில் மெதுவாகப் புளிக்க வைக்கும் பீரை, ருசி பார்ப்பது, அதைப் பற்றி எழுதுவது குறித்து என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்கு நன்றாகப் பழக்கமானவை செக், பவேரிய (தெற்கு ஜெர்மனி) லாகர்கள். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும்.

கேள்வி: லாகர் என்றால் மஞ்சளாக, சில்லென்று, லேசான கசப்போடு இருக்கும். இதில் ருசி பார்த்து எழுத என்ன இருக்கிறது அண்ணா?

அந்த மஞ்சள் நிறமே பெரிய கதை. 1842இல் செக் பகுதியிலுள்ள பில்ஸென் நகரத்தார் பவேரியாவிலிருந்து ஜோசப் குரோலை வரவழைத்துக் காய்ச்ச வைத்தார்கள். உப்புகள் மிகக் குறைந்த அந்த ஊர்த் தண்ணீர், மொராவியா பார்லி, ஸாட்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட் (பீரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்) எல்லாம் ஒன்றுசேர்ந்து பொன்னிற பில்ஸ்னர் பிறந்தது. அதற்கு முன் லாகர்கள் பெரும்பாலும் பழுப்பு நிறம்தான். மியூனிக்காரர்கள் இன்னும் நிதானம். அங்கே ஸ்பாட்டன் புரூவரி ஹெல்லெஸ் என்ற வெளிர் லாகரை விற்க ஆரம்பித்தது 1894இல்.

பில்ஸ்னரையும் ஹெல்லெஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் செக் பில்ஸ்னரில் ரொட்டி மேலோட்டின் ருசி, புல்லும் மிளகும் கலந்த ஹாப்ஸ் மணம், விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கும் கசப்பு எல்லாம் உண்டு. ஹெல்லெஸில் கசப்பு பின்னால் போய்விடும். மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மென்மையான இனிப்புதான் முன்னால் நிற்கும்.

எழுத என்ன இருக்கிறது என்றால், இங்கேதான் நிறைய இருக்கிறது. லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரி குளிரில் மெதுவாக வேலை செய்வதால் பழ வாசனைகளை அவ்வளவாக உண்டாக்காது. பிறகு பீர் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்கும். கடைசியில் மிஞ்சுவது மால்ட், ஹாப்ஸ், தண்ணீர். காய்ச்சியவர் எங்கே அவசரப்பட்டாலும் அது மூக்குக்குத் தெரிந்துவிடும். ஐபிஏ என்ற ஹாப்ஸ் தூக்கலான பீரில் ஹாப்ஸை அள்ளிக் கொட்டிப் பல குறைகளை மூடிவிடலாம். ஹெல்லெஸில் அந்த வித்தை பலிக்காது.

கேள்வி: நீங்கள் எந்த வரிசையில் ருசி பார்ப்பீர்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சோப்பு வாசனை இல்லாத, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கிளாஸ் முதலில் வேண்டும். ஊற்றியதும் கிளாஸின் உள்பக்கச் சுவரைப் பாருங்கள். அங்கங்கே குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் அழுக்கு. பீரைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸை மாற்றுங்கள்.

7 டிகிரி வாக்கில் ஆரம்பிக்கலாம். ஊற்றியவுடன் மூக்கைக் கொண்டுபோய்விடுங்கள், ஏனென்றால் சில வாசனைகள் ஒரு நிமிடம்கூட நிற்காது. புதிய ஜெர்மன் லாகரில் தீக்குச்சி உரசியது போல லேசான கந்தக வாடை வரும். கொஞ்சம் இருந்தால் தவறில்லை, சில நொடிகளில் போய்விடும். அழுகிய முட்டை அளவுக்கு நின்று நாறினால்தான் குறை.

அப்புறம் ஒரு நல்ல வாய். நுனி நாக்கில் நக்கிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். ஒயின் ருசிப்பவர்கள் துப்புவார்கள், நாம் விழுங்க வேண்டும். விழுங்கியதும் வாயை மூடி, மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். மால்ட்டின் மணம் முழுசாகத் தெரிவது அந்த மூச்சில்தான். பிறகு சும்மா இருங்கள். கசப்பு எங்கே தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று கவனியுங்கள். நல்ல செக் லாகரில் கசப்பு உறுதியாக வரும், ஆனால் தொண்டையைச் சுரண்டாது. அது அடங்கும்போது கொஞ்சம் இனிப்பு திரும்பி வரும். உடனே அடுத்த வாய்க்குக் கை போகும்.

பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு 12 டிகிரி ஆனதும் மறுபடி குடியுங்கள். என் தீர்ப்பு எப்போதும் இந்தப் பாதியை வைத்துத்தான். சில்லென்று இருக்கும்போது எல்லா லாகரும் நல்ல லாகர்தான்.

கேள்வி: பிராகில் குடித்த லாகரில் வெண்ணெய் மணம் வந்தது. கெட்டுப்போன பீரா சார்?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். அந்த மணத்துக்குக் காரணம் டயசெட்டைல் என்ற பொருள். பீர் நுரைத்துப் புளிக்கும்போது அது தானாக உண்டாகும், பிறகு ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அதனால்தான் புளித்தல் முடியும் கட்டத்தில் பல புரூவரிகள் வெப்பத்தை 15, 16 டிகிரிக்கு ஏற்றி ஓரிரு நாள் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் குளிரில் வெகுநாள் கிடக்க விடுவார்கள். இரண்டும் செய்யாமல் அவசரப்பட்டு இறக்கினால் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை தங்கிவிடும்.

ஆனால் செக் லாகரில் இது கொஞ்சம் இருப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பில்ஸ்னர் உர்குவெல் என்ற பிரபல செக் பீரிலேயே லேசாகத் தட்டுப்படும். மால்ட்டின் கனத்தோடு சேர்ந்து ஒரு உருண்டையான ருசியைத் தரும். அதே அளவு ஜெர்மன் பில்ஸிலோ ஹெல்லெஸிலோ இருந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். பாணி எதுவோ அதற்குத் தகுந்த தீர்ப்பு.

இன்னொன்றையும் பாருங்கள். வெண்ணெயோடு புளிப்பும் சேர்ந்து வந்தால் சந்தேகம் குழாய் மேல் போக வேண்டும். டேப் குழாய்களைச் சரியாகக் கழுவாத கடைகளில் பாக்டீரியா குடியேறி இதே வாசனையை உண்டாக்கும். அப்போது பழி காய்ச்சியவருக்கு அல்ல, கடைக்காரருக்கு.

கேள்வி: வேகவைத்த மக்காச்சோள வாசனை?

டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருள். குறைவாக வறுத்த வெளிர் மால்ட்டில் இதன் மூலப்பொருள் அதிகம். நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டால் ஆவியோடு போய்விடும். அரைகுறையாகக் கொதித்தாலோ, கொதித்த பிறகு ஆற வைக்கத் தாமதமானாலோ தங்கிவிடும். ஹெல்லெஸில் பொட்டளவு இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை.

கேள்வி: பச்சை பாட்டில் பீர் எல்லாமே ஒரு மாதிரி நாறுகிறதே, அதுதான் அதன் ஒரிஜினல் ருசியா?

இல்லை. வெளிச்சம் பட்டு வந்த நாற்றம் அது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் உடைந்து ஒரு கந்தகப் பொருளாக மாறும். வெளிநாட்டார் இதை ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் என்பார்கள். நமக்கு அது பழக்கமில்லை. கருகிய ரப்பரும் பூண்டும் கலந்த வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு பாட்டில் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது, டின் முழுசாகத் தடுக்கும். வெயிலில் மேசை போட்டுக் குடித்தால் கிளாஸிலேயே சில நிமிடங்களில் இது ஆரம்பித்துவிடும். இந்த வாடையோடேயே ஒரு பிராண்டுக்குப் பழகி, அதுதான் 'இம்போர்ட்டட் டேஸ்ட்' என்று நம்புகிறவர்கள் ஏராளம். அவர்களிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

கேள்வி: செக் நாட்டில் ஒரு கிளாஸ் முழுக்க நுரையாகக் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. நீங்கள் மெனுவைப் பார்க்காமல் மிலீக்கோ கேட்டிருப்பீர்கள். அங்கே ஒரே பீரை மூன்று விதமாக ஊற்றுவார்கள். ஹ்லாதிங்கா என்பது வழக்கமானது, மேலே மூன்று விரல் நுரை. ஷ்னித் என்பதில் பாதிக்கு மேல் நுரை. மிலீக்கோ முழுக்க ஈரமான, கெட்டியான நுரை. அது கலைவதற்குள் மடமடவென்று குடித்துவிட வேண்டும், இனிப்பாக இருக்கும். பக்கவாட்டில் கைப்பிடி திரும்பும் அவர்களுடைய டேப்பில்தான் இது சரியாக வரும். அந்த நுரை கசப்பைத் தாங்கிப் பிடித்து, பீருக்குக் காற்று படாமலும் காக்கும். ஆகவே விமர்சனத்தில் 'நுரை அதிகம்' என்று எழுதி ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: சின்ன புரூவரி லாகர் ஏன் அவ்வளவு விலை?

தொட்டி வாடகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். செக் நாட்டின் செஸ்கே புதெயோவிட்சேயில் உள்ள புத்வார் புரூவரி தன் லாகரை 90 நாள் வரை குளிரில் வைக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சின்ன புரூவரி அதே தொட்டியில் நாலைந்து முறை ஏல் (சீக்கிரம் தயாராகும் பீர் வகை) காய்ச்சி விற்றுவிடும்.

கேள்வி: ஹாப்ஸை ஊறப்போட்டு மணம் ஏற்றும் லாகர்கள் வருகின்றனவே, அதெல்லாம் லாகர்தானா தோழர்?

லாகர்தான். 1996இல் இத்தாலியில் பிர்ரிஃபிச்சியோ இத்தாலியானோ என்ற சின்ன புரூவரி தொடங்கிய டிப்போபில்ஸிலிருந்து இந்த வழக்கம் பரவியது. கலிஃபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் அதைப் பார்த்துத்தான் பீவோ பில்ஸ் காய்ச்சியது. பூவும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம் வரும், உள்ளே பில்ஸ்னரின் எலும்பு அப்படியே இருக்கும். ஹாப்ஸ் வாசனை மட்டும் வந்து மால்ட் காணாமல் போனால் எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: அரிசி சேர்த்த பீர் மட்டம் என்கிறார்கள். உண்மையா?

அரிசி என்றதும் நம் ஆட்களுக்கே இளக்காரமா? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஜெர்மானியர்களுக்கு அங்கே கிடைத்த பார்லியில் புரதம் அதிகம். பீர் கலங்கியது. அரிசியும் சோளமும் சேர்த்தால் தெளிந்தது. அப்படித்தான் தொடங்கியது. பட்வைசரில் இன்றைக்கும் அரிசி உண்டு. காசை மிச்சம் பிடிக்க அளவில்லாமல் சேர்த்தால் பீர் தண்ணீராகும். கவனமாகச் சேர்த்தால் மொறுமொறுப்பான, சீக்கிரம் உலரும் முடிவு கிடைக்கும். இப்போது சின்ன புரூவரிகளே விரும்பிச் சேர்க்கின்றன.

கேள்வி: 'கிக்' பற்றி ஒன்றுமே எழுத மாட்டேன் என்கிறீர்களே?

8 சதவீத ஸ்ட்ராங் பீர் வேண்டும் என்பவர்களுக்கு: மியூனிக்கின் பவுலானர் சால்வடோர் என்ற டாப்பல்பாக்கும் (கனமான, ஸ்ட்ராங் வகை) லாகர்தான், 7.9 சதவீதம். அதைக் குடித்தால் கருப்பட்டி, ரொட்டி மேலோடு, உலர்ந்த பழம் எல்லாம் தெரியும், சாராய எரிச்சல் தெரியாது. அதுதான் வித்தியாசம். கிக்குக்கு மதிப்பெண் கிடையாது.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்? எனக்குப் பிடிக்காத பாணிக்குக் குறைத்துப் போடலாமா?

நான் பிஜேசிபி என்ற அமெரிக்க நடுவர் அமைப்பின் தாளைப் பின்பற்றுகிறேன். மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் குமிழுக்கும் 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். படம் எடுத்துப் போடுகிற நேரத்தில் மோந்து பார்த்திருக்கலாம்.

பிடிக்காத பாணி என்றால் மதிப்பெண் போடாமல் விட்டுவிடுங்கள். பீருக்கு மதிப்பெண் போடும் ஆப்களில் கனமான கறுப்பு ஸ்டவுட்டும் ஐபிஏவும் நட்சத்திரங்களை அள்ள, அருமையான ஹெல்லெஸ் பின்னால் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹெல்லெஸில் சாக்லேட் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் போட்ட நட்சத்திரங்கள் அவை.

கேள்வி: ஒரே உட்காரலில் எத்தனை ருசிக்கலாம்?

சின்ன கிளாஸில் நான்கு. இடையில் தண்ணீர், வெறும் ரொட்டி. காரமான சைட் டிஷ் எல்லாம் முடிந்த பிறகு. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் விமர்சனத்தைத் திருத்தித் தாருங்கள் அண்ணா: 'சூப்பர் கெல்லர்பியர். ஸ்மூத். ரொம்ப ரிஃப்ரெஷிங். 4/5.'

தம்பி, இதைப் படிக்கிறவர் அந்த பீரை வாங்குவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பார்? ஸ்மூத் என்றால் குமிழ் குறைவா, கசப்பு குறைவா? நீங்கள் அனுப்பிய மற்ற குறிப்புகளை வைத்து இப்படி மாற்றியிருக்கிறேன்:

'வடிகட்டாத ஃபிராங்கோனிய (வடக்கு பவேரியா) கெல்லர்பியர், மண் குவளையில். லேசான கலங்கல், தேன் நிறம். குமிழ் குறைவு, அதனால் மடக் மடக்கென்று இறங்குகிறது. புது ரொட்டியின் மணம், ஓரத்தில் கொஞ்சம் ஈஸ்ட். கசப்பு தாமதமாக வந்து நீண்ட நேரம் நிற்கிறது. சூடு ஏறியதும் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, அதற்காகத்தான் ஒரு மதிப்பெண் குறைத்தேன்.'

அடுத்த முறை பாட்டிலில் நிரப்பிய தேதி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய லாகரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். நீங்கள் குடித்தது புதுசா பழசா என்று தெரிந்தால்தான் அந்த 4/5ஐ நம்ப முடியும்.