கத்திக்கு எந்த எஃகு? – பட்டறைப் பதில்கள்

கோவையில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் 31 வருடம் உலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். போன இதழில் அரிவாள்மனை பற்றி எழுதியதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி கத்தியைப் பற்றித்தான். ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மலையேறப் போகும்போது வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன். ஏறக்குறைய ஒரே விலையில் டி2, 14சி28என் என்று இரண்டு எஃகில் வருகின்றன. டி2தான் அதிக நாள் கூர் நிற்கும் என்கிறார்கள். எதை வாங்கலாம்? – கல்லூரி மாணவர், தேனி

14சி28என் வாங்குங்கள் தம்பி.

டி2வில் கரி, அதாவது கார்பன், சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். இவ்வளவு குரோமியம் இருந்தால் துருவே பிடிக்காது என்றுதான் தோன்றும். ஆனால் கரி அதிகமாக இருப்பதால் குரோமியத்தில் பெரும் பங்கை அது இழுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து கார்பைடு என்ற கெட்டியான துகள்களாகிவிடும். துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். கூர் நிற்பதற்கும் அந்தத் துகள்கள்தான் காரணம், அதை மறுக்கவில்லை. நாள் முழுக்கக் கயிறும் அட்டைப்பெட்டியும் அறுப்பவருக்கு டி2 நன்றாக உழைக்கும். ஆனால் துகள்கள் பெரியவை. வாயை மெல்லியதாகத் தீட்டினால் அவை பெயர்ந்து விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வாய் முழுக்கப் பொடிப் பல் தெரியும்.

14சி28என் ஸ்வீடன் எஃகு. சாண்ட்விக் ஆலையில் பிறந்தது. அந்தப் பிரிவுக்கு 2022 முதல் அல்லெய்மா என்று பெயர். ஷேவிங் பிளேடு எஃகின் வழியில் வந்ததால் துகள்கள் மிகச் சிறியவை. கரி 0.62, குரோமியம் 14, கூடவே 0.11 சதவீதம் நைட்ரஜன். கரி குறைவு என்பதால் குரோமியம் துருவைத் தடுக்கும் வேலைக்கே கிடைக்கிறது. மேகமலைப் பனியில் இரண்டு நாள் பைக்குள் ஈரத்தோடு கிடந்தாலும் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். மழுங்கினால் சாணைக்கல்லைத் தேட வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத ஒரு வளையம் இருக்கும். அதில் பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுத்தால் கூர் திரும்பிவிடும்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: ராக்வெல், அதாவது எஃகின் கடினத்தைக் காட்டும் எண், எவ்வளவு? இந்த எஃகுக்கு 58-லிருந்து 61-க்குள் இருந்தால் சரி. கத்தியில் பொறித்திருப்பது எஃகின் பெயர் மட்டும்தான். உலையில் அதற்கு என்ன நடந்தது என்பது இந்த எண்ணில்தான் தெரியும்.

தோப்பு வேலைக்கு இடுப்பில் வைத்துக்கொள்ள மடங்காத கத்தி ஒன்று, ஆறு அங்குலத்தில், ஊர்க் கொல்லரிடம் அடித்து வாங்க நினைக்கிறேன். பழைய டை (தகடு வெட்டும் அச்சு) ஒன்றின் எச்.சி.எச்.சி.ஆர். எஃகுத் துண்டு கிடைத்திருக்கிறது. லாரியின் வில் பட்டாவைவிட அதுதானே உசத்தி? – விவசாயி, பொள்ளாச்சி

அந்தத் துண்டைக் கொல்லரிடம் கொடுக்காதீர்கள் ஐயா. நம் ஊர் டூல் ரூம்களில் எச்.சி.எச்.சி.ஆர். என்று சொல்வதும் மேலே சொன்ன டி2வும் ஏறக்குறைய ஒரே சரக்கு. அதைக் கடினமாக்க 1,010 டிகிரிக்கு மேல் ஏற்றி, அந்தச் சூட்டிலேயே பிடித்து வைக்க வேண்டும். மீட்டர் வைத்த உலையில்தான் அது முடியும். கரி உலையில் கண்ணால் பார்த்துச் செய்தால் மேலே கருகி, உள்ளே பதம் வராமல் நிற்கும். அடிக்கும்போதே விரிசல் விடுவதும் உண்டு.

லாரிப் பட்டாவில் கரி 0.5-லிருந்து 0.6 சதவீதம்தான். இருந்தாலும் அது கொல்லரின் கைக்கும் கண்ணுக்கும் அடங்கும் எஃகு. என் அப்பா கொல்லர். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கம்பியில் கட்டி உலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். செக்கச் சிவந்த கத்தியை அதனிடம் கொண்டுபோவார். ஒட்டினால் திரும்பவும் உலைக்குள் போகும். எஃகு 770 டிகிரி வாக்கில் காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் நிறம் ஏறட்டும் என்று அப்பா துருத்தியை நாலு இழுப்பு இழுப்பார். பிறகு துவைச்சல். வாய்ப்பக்கம் முதலில் இறங்கும்படி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் முக்குவார். தண்ணீரில் முக்கினால் பட்டா சில சமயம் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைய உழைப்பு போயிற்று.

எண்ணெயிலிருந்து எடுத்ததும் அரத்தை வைத்து ஓர் இழுப்பு. அரம் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்க வேண்டும். இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையும். அதனால் ஒரு பக்கத்தைச் செங்கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, முதுகுப் பக்கத்தைப் பழுக்கக் காய்ச்சிய ஒரு கம்பிமேல் வைப்பார். முதுகிலிருந்து நிறம் நகர்ந்து வரும்: இளமஞ்சள், வைக்கோல், பழுப்பு, கத்தரிப்பூ, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் எண்ணெயில் போட்டுவிட வேண்டும். அப்போது வாய் சுமார் 220 டிகிரியைத் தொட்டிருக்கும், முதுகு அதைவிடச் சூடேறி இளகியிருக்கும். மட்டை வெட்டும்போது விழும் அடியை அந்த முதுகு தாங்கும். சின்ன வயதில் இந்த நிறம் நகர்வதைப் பார்க்கத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன்.

பட்டாவைவிடக் கூர் கூடுதலாக வேண்டும் என்றால், கோவையில் இரும்புக் கடைகளில் ஓ.எச்.என்.எஸ். என்ற, எண்ணெயில் கடினமாகும் டூல் எஃகின் பிளேட் கேளுங்கள். கரி 0.9 சதவீதத்துக்குப் பக்கம். 800 டிகிரி வாக்கில் காய்ச்சி எண்ணெயிலேயே துவைச்சல் போடலாம். எனக்கு மடங்காத சிறு கத்திக்கு மிகவும் பிடித்த எஃகு இதுதான். துருப்பிடிக்கும், துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மீன் வெட்டும் கத்தியில் வாரம் தவறாமல் துருப் புள்ளி வருகிறது. ஸ்டெயின்லெஸ் என்றுதான் வாங்கினேன். – இல்லத்தரசி, தூத்துக்குடி

அம்மா, உப்பில் உள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ்ஸையும் புள்ளி புள்ளியாகக் குடையும். கடலுக்கென்றே கரியைக் குறைத்து நைட்ரஜன் ஏற்றிய எஃகுகள் உண்டு. எல்சி200என் அப்படி ஒன்று. விமான பேரிங்குக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்தது. வீட்டு வேலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்வீடனின் மோரா கத்திகள் பலவற்றில் வரும் 12சி27 போதும். வெட்டி முடித்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு உறையில் செருகாதீர்கள். பெரிய மீன் தலைக்கு அரிவாளை எடுங்கள், இந்தக் கத்தி வேண்டாம்.

மேக்னாகட் எஃகைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பல மடங்கு விலை கொடுக்கலாமா? – மென்பொருள் ஊழியர், சென்னை

பணம் இருந்தால் கொடுங்கள். லாரின் தாமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர் வடிவமைத்து 2021-இல் வெளிவந்த எஃகு அது. குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2வைவிடக் குறைவு. ஆனால் கரியை வனேடியம், நையோபியம் என்ற இரண்டு உலோகங்கள் பிடித்துக்கொள்ளும்படி கணக்குப் போட்டிருக்கிறார். குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்க நிற்கிறது. உலை வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கெட்டி. வைரத்தூள் தகடு ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கத்தியையும் வேகமாக ஓடும் உலர் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். நான் செய்து வைத்திருந்த ஓ.எச்.என்.எஸ். கத்தியை ஒருமுறை வெளியூரில் ஒரு கடையில் சாணைக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது வாயோரம் நூல் பிடித்தாற்போல ஒரு நீலக் கோடு. நீலம் என்றால் 300 டிகிரி. பதம் போய்விட்டது. அந்த நீலம் இருந்த இடம் முழுவதையும் கல்லில் தேய்த்து எடுக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று.

இப்போது உங்கள் பையில் இருக்கும் கத்தி எது? – வாசகி, ஈரோடு

ஓப்பினல் எட்டாம் எண், கார்பன் எஃகு. பிரான்சில் சவாய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்கிறார்கள். 14சி28என் வாங்கச் சொல்லிவிட்டு இதை வைத்திருக்கிறாரே என்று கேட்பீர்கள். மலையில் ஈரத்தோடு பைக்குள் கிடப்பதற்கு அது. தினமும் துடைக்கிற பழக்கம் இருப்பவருக்கு இது. 0.9 சதவீதம் கரி, கல்லில் வைத்ததும் கூர் வாங்கிக்கொள்ளும். ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறி, கத்தி திறக்கவே வராது. பிடியின் பின்முனையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் நகம் வைக்க இடம் கிடைக்கும். முதல் சித்திரையில் மாங்காய் நறுக்கியபோது அலகு கறுத்தது. வீட்டில் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்க்கப் போனார்கள், தடுத்துவிட்டேன். அந்தக் கறுப்பு இருக்கும் இடத்தில் செந்துரு எளிதில் ஏறாது. இப்போது அலகு முழுக்க மழைமேகம் மாதிரி சாம்பலும் நீலமுமாக இருக்கிறது.